சாப்பிடக் கூடாத கீரை

கொரோனாவுக்காக ஊர் மூடிக் கிடந்த மாதங்களில் சுபோதினி தன்னை அதிர்ஷ்டக்காரி என்றுதான் நினைத்திருந்தாள். வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் அவளுடைய சொந்தக்காரர்கள் பிள்ளைகளை நாலு சுவருக்குள் வைத்துக்கொண்டு அல்லாடியபோது, கொட்டாஞ்சேனையில் அவளுக்கு ஒரு பின்வளவு இருந்தது. லொறியொன்று வந்து திரும்பக்கூடிய அளவுக்கு வெறும் நிலம், சுற்றிவர மதில். ஒன்லைன் வகுப்பு முடிந்ததும் மகள் யதுசா நேரே அங்கேதான் ஓடுவாள். சிரட்டைகளில் மண்ணை நிரப்பிக் கவிழ்த்துக் கேக் செய்வாள். அந்த மண்ணில் சாம்பல் நிறமாய் மினுமினுக்கும் பொடியொன்று கலந்திருந்தது. அதை விரல்களால் தனியே எடுத்துக் கேக்கின் மேல் தூவுவாள். சுபோதினி அதைப் படமெடுத்துக் கனடாவிலிருக்கும் தமையனுக்கு அனுப்பினாள். "மண்ணில விளையாடுற கடைசிப் பிள்ளை இவள்தான் போல" என்று அவன் பதில் போட்டான்.

அந்த வளவுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு கொழும்புக்கு வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து வீட்டுக்காரரின் வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸ்கள்தான். ஓரிடத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இன்னோரிடத்தில் மீன் பொரிக்கக் கூடாது, வேறோரிடத்தில் வீட்டுக்காரர் படுக்கப் போனதும் தண்ணீர் மோட்டரை நிறுத்திவிடுவார். கலியாணம் முடித்த பிறகும் அதே கதைதான். கணவன் ஜனா துறைமுகத்தில் சாமான் விடுவிக்கும் வார்ஃப் கிளார்க். அவள் வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் நின்றாள். நாளெல்லாம் சேலைகளை விரித்துக் காட்டி மடித்து வைப்பாள். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து நடப்பாள். அப்படியிருக்க ஜனா ஒருநாள், கொட்டாஞ்சேனையில் பழைய சரக்கு ஸ்டோர் ஒன்றின் வளவைப் பிரித்து மலிவாக விற்கிறார்கள், சின்னதாய் ஒரு வீடும் இருக்கிறது என்று சேதி கொண்டுவந்தான். தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் போயிற்று. வீடு வந்தது.

பிள்ளைக்கு வயிற்றுவலி தொடங்கியபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளிறியது. பள்ளிக்கூடம் திறந்ததும் ரீச்சர் சுபோதினியைக் கூப்பிட்டாள். "முந்தி டக் டக்கெண்டு சொல்லுற பிள்ளை. இப்ப இண்டைக்குச் சொல்லிக் குடுத்தது நாளைக்கு நினைவில இல்லை. கையெழுத்தும் கோணிக்கொண்டு போகுது. வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சுபோதினி கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு சிறுபிள்ளை வைத்தியர்தான் கடைசியில் கண்டுபிடித்தார். இரத்தம் எடுத்துக் குறிப்பிட்ட ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று, யதுசாவை வெளியே இருத்திவிட்டு, "பிள்ளையின்ர இரத்தத்தில ஈயம் இருக்கு, அம்மா. இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கு" என்றார். பழைய பெயின்ற் உண்டா, பழைய பற்றறி உடைக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்த சுபோதினி, "மண்ணில விளையாடுவாளோ?" என்று அவர் கேட்டதும் கதவிடுக்கால் பிள்ளையின் கைகளைப் பார்த்தாள்.

"இது மாறுமோ டொக்டர்?"

"இரத்தத்தில இருக்கிறதைக் குறைக்கலாம். மூளையில பட்டது எவ்வளவு, அது திரும்புமோ எண்டு என்னால உறுதி சொல்லேலாது. முதல்ல பிள்ளையை அந்த இடத்தில இருந்து எடுங்கோ."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மகளின் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்து நகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நகத்தடியில் கறுப்பாய் ஊத்தை. தலையில் செருகியிருந்த ஹெயார்பின்னைக் கொண்டு அதை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். "நோகுது அம்மா" என்று பிள்ளை கையை இழுத்தது. அவள் விடவில்லை.

அந்த மினுமினுப்பு என்னவென்று சொன்னவர் ஒஸ்வால்ட். ஒழுங்கையின் முனையில் தனியாக இருக்கும் மனிதர். அந்த வளவு ஸ்டோராக இருந்த காலத்தில் அங்கே மூட்டை சுமந்தவர். சுபோதினி ஒரு பிடி மண்ணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போய் அவரிடம் காட்டினாள்.

"இது ஈயத்தாது தங்கச்சி. எங்கயோ வெளிநாட்டுச் சுரங்கத்தில தோண்டின கல்லை இடிச்ச தூள். ஒரு கப்பல்ல வரும், இங்க கொட்டிக் காயவச்சு வேற பையில போட்டு இன்னொரு கப்பல்ல ஏத்துவம். காத்தடிச்சா ஒழுங்கை முழுக்கச் சாம்பலாப் பறக்கும். பிறகு கொம்பெனி பூட்டிட்டாங்க. மிச்சத்தை அப்படியே மண்ணோட சமப்படுத்திட்டுப் போய்ட்டாங்க."

"இத்தனை வருசமா என்ர பிள்ளை அதில விளையாடுறதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள் அண்ணை. ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"நஞ்செண்டு தெரிஞ்சா சொல்ல மாட்டனா? எங்களுக்கு ஒருத்தனும் சொல்லல்ல. அந்தக் கையோடதான் நாங்க அங்கயே குந்திச் சோறு திண்டம்."

அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். மணிக்கட்டு நிமிராமல் கை தொங்கியது. மற்றக் கையால் தாங்கிக்கொண்டுதான் குடித்தார். அதைக் கண்ட பிறகு சுபோதினிக்கு அவரை ஏச வாய் வரவில்லை.

யதுசாவை வெள்ளவத்தையில் ஜனாவின் தமக்கை பாலேஸ்வரியின் ஃபிளாட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பேருக்கும் அங்கே இடமில்லை. வாடகைக்குப் போகவும் வழியில்லை, இருந்ததெல்லாம் இந்த வளவுக்குள் போய்விட்டது. கொங்கிரீட் போட்டு மூடலாம் என்று ஜனா விசாரித்தான். சீமெந்து விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. விசாரித்ததோடு சரி. ஒருநாள் அவன் மெல்லச் சொன்னான்.

"சுபோ, எங்களுக்கு என்னண்டு வித்தவங்களோ அப்பிடியே நாங்களும் விப்பம்."

"வாங்குற ஆக்களுக்குப் பிள்ளையள் இராதோ?"

"எங்களைப் பற்றி ஆர் யோசிச்சது?"

"நான் விடமாட்டன். தெரிஞ்சுகொண்டு நான் அதைச் செய்யமாட்டன்."

பெரிய சண்டையாகியது. கடைசியில் இருவரும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். ஜனா விற்கும் கதையை எடுப்பதில்லை. சுபோதினி மண்ணைப் பற்றி ஒழுங்கையில் ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை. வெளியே தெரிந்தால் அந்த நிலத்தை நாய்கூட வாங்காது, வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸும் வரும் என்று ஜனா பயந்தான். ஒஸ்வால்டிடமும் கேட்டுக்கொண்டார்கள். அவர் பொதுவாகவே அதிகம் பேசுகிறவர் அல்ல.

வைத்தியர் மூலமாக ஒருவர் மண் பார்க்க வந்தார். அஹ்ஸன் என்று பெயர், களனிப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர். வளவில் பல இடங்களில் துளையிட்டுச் சின்னச் சின்னப் பைகளில் மண் எடுத்தார். முடிவைச் சொல்ல வந்தபோது அவருடைய முகமே சரியில்லை.

"மேல் மண்ணை ஒரு முழத்துக்குத் தோண்டி எடுத்திட்டுப் புது மண் போடுறதுதான் சரியான வழி, அக்கா. ஆனா தோண்டினதை எங்க கொண்டுபோய்ப் போடுற? அதுக்கு இங்க ஒரு இடமும் இல்ல, செலவும் உங்களால தாங்க ஏலாது."

"வேற ஒண்டும் செய்யேலாதோ?"

அவர் தயங்கித்தான் சொன்னார். சுரங்கங்கள் மூடப்பட்ட நாடுகளில் அந்த மண்ணில் செடிகளை நடுவார்கள். சில செடிகளின் வேர் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிலது இலைவரை இழுத்தெடுக்கும். கடுகு அப்படி ஒன்று, சூரியகாந்தி இன்னொன்று. வளர்ந்ததும் வேரோடு பிடுங்கி அகற்றிவிட்டு மறுபடியும் விதைப்பார்கள்.

"ஆனா ஈயம் லேசில ஏறாது அக்கா. மண்ணை விட்டு வரவே விரும்பாத சாமான் அது. நல்லா விளங்கிக்கொள்ளுங்க, இது சுத்தமாக எத்தனையோ பத்து வருசம் எடுக்கும். முடியாமலும் போகலாம். உடனடி நன்மை என்னெண்டா, செடி மூடியிருந்தா தூசு பறக்காது."

சுபோதினி அதையெல்லாம் கேட்டாள்தான். ஆனால் அவளுடைய மனம் பிடித்துக்கொண்டது, செடி இழுத்தெடுக்கும் என்ற ஒரு சொல்லை மட்டும். இழுக்க இழுக்க மண் சுத்தமாகும், சுத்தமானால் பிள்ளை வீட்டுக்கு வரும். அவளுக்கு அப்போது கணக்கு அவ்வளவுதான்.

"பிடுங்கினதைச் சாப்பிடக் கூடாது, ஆடு மாட்டுக்கும் போடக் கூடாது, எரிக்கவே கூடாது. பையில கட்டி வைங்க, நான் வந்து எடுக்கிறன். அக்கம்பக்கத்து ஆக்களுக்குக் கட்டாயம் சொல்லுங்க" என்றார் அஹ்ஸன்.

"ஓம், சொல்லுறன்" என்றாள் சுபோதினி.

கடுகு அந்த மண்ணில் முளைக்கவே மாட்டேன் என்றது. முதல் விதைப்பு மஞ்சளாகிச் சுருண்டு செத்தது. அஹ்ஸன் சொன்னபடி மாட்டெருவும் கூட்டெருவும் கலந்தாள். வாய்க்குத் துணி கட்டி, கையுறை போட்டு, கடைக்குப் போகுமுன் விடியலில் தண்ணீர் ஊற்றினாள். வேலை முடிந்ததும் பாலேஸ்வரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பஸ் ஏறி வந்து மறுபடியும் வளவுக்குள் இறங்கினாள். இரண்டாவது விதைப்பு பிடித்தது. மூன்றாவது, மதில் உயரத்துக்கு வந்துவிடுமோ என்கிற மாதிரி எழும்பியது. ஒழுங்கையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன பச்சை!" என்றார்கள். அவளுக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்கப் பயம்தான். ஒவ்வொரு இலையும் தன் பிள்ளைக்குள் போன அதே சாமானைக் குடித்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு பிடுங்குவாள்.

பிடுங்கியவற்றைக் காயவைத்துக் கறுப்புப் பைகளில் கட்டி, யதுசாவின் அறையில் அடுக்கினாள். வேறிடம் இல்லை. முதல் தடவை அஹ்ஸன் வந்து சில பைகளை ஏற்றிப்போனார். பிறகு பெற்றோல் கிடைக்காமல் போயிற்று. கியூவில் நாட்கணக்காய் நின்றும் கிடைக்கவில்லை என்று போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். குப்பை லொறிக்காரரைக் கேட்டுப் பார்த்தாள். உள்ளே இருப்பது என்னவென்று மறைக்க மனமில்லாமல் ஈயம் என்று சொன்னாள். பையைத் தொட்ட சிங்களப் பொடியன் கையை எடுத்துவிட்டு, "பே நோனா, பே" என்றான். முடியாது என்கிறவனை வற்புறுத்த அவளுக்கு என்ன உரிமை? பைகள் பிள்ளையின் கட்டிலுக்கு மேலும் ஏறின.

நாடு முழுக்கப் பட்டினி கிடந்த வருடம் அது. கேஸ் இல்லை, மா இல்லை, பால்மா இல்லை. மரக்கறி விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பினார்கள். கிடைக்கிற நிலத்திலெல்லாம் எதையாவது நடுங்கள், கீரையாவது போடுங்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பெண் வளவு நிறையக் கடுகுக் கீரை வளர்த்து, ஒரு பிடியும் யாருக்கும் கொடாமல் பிடுங்கிப் பையில் கட்டி உள்ளே வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

கேட்டவர்களுக்கு, "மருந்தடிச்சது, சாப்பிடக் கூடாது" என்றாள். ஒருவரும் நம்பவில்லை. மருந்தும் உரமும் எங்குமே கிடைக்காத நாட்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கொடுக்கக் கை நீளாது என்று தண்ணீர்ப் பைப்படியில் கதைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் குனிந்துகொண்டு போனாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஷஹீமாவின் வீடு. கணவன் றிகாஸ் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரனாக இருந்தவன். ஹோட்டல் பூட்டியதும் சும்மா இருந்தான். நடக்கப் பழகி ஒரு வருடம் ஆகாத மகன், இப்ஹாம். ஷஹீமா அதிகம் பேசமாட்டாள், ஆனால் சிரிப்பாள். யதுசா எங்கே என்று அடிக்கடி கேட்பாள். "மாமியோட நிக்கிறாள், பள்ளிக்கூடம் கிட்ட" என்று சுபோதினி சொல்லி வைத்திருந்தாள்.

நோன்புக் காலம் வந்தது. ஒரு பின்னேரம், நோன்பு திறக்கச் சற்று முன்பு, ஷஹீமா மூடிய கோப்பையொன்றும் தட்டமொன்றுமாகக் கதவைத் தட்டினாள். கோப்பையில் கஞ்சி. தட்டத்தில் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டிய கீரை.

"அக்கா, இந்தாங்க. கோவிச்சுக்கவேணாம், ஒண்டு சொல்லணும்" என்று தொடங்கினாள். கண்ணை நிமிர்த்தாமலே பேசினாள். "இந்தக் கீர ஒங்கட தோட்டத்துலதான் எடுத்த. நீங்க கேஸ் கியூவுக்குப் போற நேரம் பின் மதில் ஒடஞ்ச எடத்தால கைய விட்டு எடுப்பன். ரெண்டு மாசமா எடுக்கிற. புள்ளைக்குச் சோத்தோட பெசஞ்சி குடுக்க ஒண்டுமே இல்ல அக்கா. நோம்போட பொய்யா இருக்க மனசு கேக்கல்ல. அதான் சமைச்சி ஒங்களுக்கும் கொண்டுவந்த. மன்னிச்சி ஹலாலாக்கிடுங்க."

சுபோதினி தட்டத்தைப் பார்த்தாள். பிறகு ஷஹீமாவின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவனுடைய வாயோரம் பச்சையாக ஒரு துண்டு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பாய்ந்து அதைத் தன் விரலால் துடைத்தாள். பிள்ளை பயந்து வீரிட்டது. தட்டம் கீழே விழுந்தது.

"என்ன அக்கா?" ஷஹீமா பின்வாங்கினாள். "கோவமெண்டா ஏசுங்க. ஏன் புள்ளைய..."

"ஷஹீமா, இது நஞ்சு. ஐயோ, இது நஞ்சு ஷஹீமா!"

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சுரங்கத்துத் தாது, யதுசாவின் இரத்தம், கடுகு ஏன், பைகள் ஏன் என்று எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஷஹீமா நோன்பு திறக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"இவ்வளவு நாளா தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

சுபோதினி குனிந்து, தரையில் சிந்திய கீரையைக் கையால் வழித்துத் தட்டத்தில் போட்டாள்.

சுபோதினியே அவர்களைக் கூட்டிக்கொண்டு அதே வைத்தியரிடம் போனாள். இப்ஹாமின் இரத்தத்திலும் ஈயம். யதுசாவின் அளவுக்கு இல்லை, ஆனால் சின்னப் பிள்ளை. கீரையால் எவ்வளவு, மதில் தாண்டி வந்த தூசால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். றிகாஸுக்கு அந்தப் பேச்செல்லாம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை, ஆட்களோடு மதில் ஏறி வந்தான். ஒழுங்கையில் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் வந்திருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. வெறுங்கையால் செடிகளைப் பிடுங்கி வளவின் நடுவே குவித்தார்கள். சுபோதினி கையுறைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஓடினாள். "இதைப் போடுங்கோ, கையில படும், வாய்க்குத் துணி கட்டுங்கோ" என்று கெஞ்சினாள். அவளை விலக்கிவிட்டார்கள். குவியல் இடுப்பளவு வந்தபோது றிகாஸ் லைட்டரை எடுத்தான்.

"எரிக்காதேங்கோ! புகையில ஏறி எல்லா வீட்டுக்குள்ளயும் வரும். பிள்ளையளுக்குப் போகும்!"

"இனி நீங்க சொல்லுறத நம்பச் சொல்லுறீங்களா?" என்றான் றிகாஸ்.

அவன் கேட்டதும் சரிதான். நேற்றுவரை பொய் சொன்ன வாய். அவள் போய் அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சேலை, கை, முகம் எல்லாம் மண். "என்னையும் சேர்த்து எரியுங்கோ. இல்லாட்டி எரிக்காதேங்கோ." அவள் அழவில்லை. ஜனா வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வெளியே வரவில்லை.

வந்தவர் ஒஸ்வால்ட். தொங்கிய கையோடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் பாதியைச் சிந்திக்கொண்டு வந்து, மிச்சத்தைக் குவியலில் ஊற்றினார். திரும்பிப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. மூன்றாவது வாளியோடு அவர் தடுமாறியபோது ஆட்களில் ஒருவன் போய் வாளியை வாங்கினான். றிகாஸ் லைட்டரை மதிலில் எறிந்துவிட்டுக் குந்தியிருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள். மண் எடுத்தார்கள், பிள்ளைகளை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், இன்னும் சில வீடுகளில் ஈயம் தெரிந்தது. வாசலில் எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். மூடிய கொம்பெனிக்குச் சொந்தக்காரர் என்று யாரையும் பிடிக்க முடியவில்லை. நாட்டில் பணமில்லாத நேரம், மண்ணை அள்ளும் கதை பிறகு பார்ப்போம் என்பதோடு நின்றது. ஜனா துணிமணிகளை எடுத்துக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போனான், விறாந்தையில் படுத்துக்கொள்கிறேன் என்றான். "நீயும் வா, எங்கயாவது நெருக்கிக்கொண்டு இருப்பம்" என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை. வளவை அப்படியே விட்டுவிட்டுப் போனால், செடியில்லாத மண் முதல் காற்றிலேயே ஒழுங்கைக்குள் எழும்பும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஷஹீமாவின் குடும்பம் களனி ஆற்றோரம் றிகாஸின் தாய் வீட்டுக்குப் போயிற்று. மழைக்குத் தண்ணீர் ஏறுகிற இடம். சாமான் ஏற்றுகிற அன்று சுபோதினி வாசலில் போய் நின்றாள். மன்னிப்பு என்ற சொல்லை வாய்வரை கொண்டுவந்தாள்.

ஷஹீமா பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "ஒங்கட புள்ளைக்காக நீங்க செஞ்சீங்க. எனக்கு வெளங்குது அக்கா. ஆனா என்னால மன்னிக்க ஏலா" என்றாள். த்ரீவீலில் ஏறிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

பெற்றோல் வரத் தொடங்கியதும் அஹ்ஸன் வந்தார். அயலாருக்குச் சொல்லவில்லை என்ற உண்மையை அவரிடமும் சொன்னாள். பிறகு புதிதாக மண் எடுத்துப் போனார். முடிவைப் போனில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னார்.

"குறைஞ்சிருக்கெண்டு சொல்ல ஆசைதான் அக்கா. ஆனா முதல் எடுத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசமெண்டு சொல்ல ஒண்டும் இல்ல. அளவெடுக்கிறதுல வாற பிழைக்குள்ளயே அடங்கிற அளவுதான்."

"இவ்வளவு பிடுங்கினதும்?"

"இவ்வளவு பிடுங்கினதும்தான்."

அவள் வளவுப் படியில் இருந்துவிட்டாள். அப்போதுதான் முதல் முறையாக, எத்தனையோ பத்து வருசம் என்று அவர் அன்று சொன்னது அவளுக்குக் கேட்டது. யதுசா கிழவியாகிற காலம் அது.

இப்போது அங்கே கடுகு இல்லை. தின்னக்கூடிய எதையும் அவள் நடுவதில்லை. அஹ்ஸன் கொண்டுவந்து கொடுத்த வெட்டிவேர்ப் புல்லை நெருக்கமாக நட்டிருக்கிறாள். அது மண்ணைச் சுத்தமாக்காது, கட்டிப் பிடிக்கும், அவ்வளவே. காற்றடிக்கிற மாதங்களில் அவள் விடியலில் எழும்பி, ஈரத் துணியால் தன் வீட்டு ஜன்னல்களை மட்டுமல்ல, இரண்டு பக்கத்து மதில்களையும் துடைக்கிறாள். அயல் வீடுகளில் சிலர் இப்போது தலையாட்டுவார்கள். பலர் பேசுவதில்லை. அறையில் கிடக்கும் பைகளைப் பொறுப்பெடுக்க ஓர் இடம் தேடுவதாக அஹ்ஸன் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போய் யதுசாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள். இரத்தத்தில் ஈயம் இறங்கியிருக்கிறது. கணக்கு மட்டும் ஏறவில்லை. வாசித்த பக்கத்தையே திரும்ப வாசிப்பாள். கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. மாமி வீட்டை அவள் "எங்கட வீடு" என்று சொல்லத் தொடங்கி வெகு நாளாயிற்று. சுபோதினி திருத்துவதில்லை.

ஒரு ஞாயிறு, ரயில் பாதையைக் கடந்து மணலுக்கு இறங்கியதும் யதுசா குந்தியிருந்து ஈர மணலைத் தோண்டினாள். இரண்டு கையும் நிறைய அள்ளினாள். சுபோதினிக்கு என்ன வந்ததோ, ஓடிப்போய்க் கைகளைத் தட்டிவிட்டு, சேலைத் தலைப்பால் விரல் விரலாய்த் துடைத்தாள். பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது கடல் மண் அம்மா. ஒண்டும் செய்யாது. விடுங்கோ."

"தெரியும் பிள்ளை, தெரியும்" என்றாள் சுபோதினி. ஆனாலும் கையை விட அவளால் முடியவில்லை. மற்றக் கையையும் பிடித்துத் துடைத்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு அலை வரும் பக்கமாக நடந்தாள். சுபோதினி செருப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.